சியாட்டில் ராத்திரி, திருவொற்றியூர் காலை: ஒரு பேஸ்பால் அணியை சீசன் முழுக்கப் பின்தொடர்வது எப்படி

பேஸ்பால் விதிகளை இங்கே விளக்கப்போவதில்லை. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு அணிக்கு மூன்று அவுட், டிரா கிடையாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு மீதியெல்லாம் நாலு ஆட்டத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். எனக்குப் பிடிபடாதது வேறு. இங்கே திருவொற்றியூரில் இருந்துகொண்டு ஓர் அமெரிக்க அணியை மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை விடாமல் பின்தொடர்வதுதான் அது. மொத்தம் 162 ஆட்டம். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் ஆட்டம் வெறும் 14! முதல் வருஷம் மே மாதமே கைவிட்டேன். 2025 சீசனைக் கடைசி வரை பார்த்தேன். நடுவில் என்னென்ன மாற்றினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

படி 1: கடிகாரத்தைப் பார்த்து அணியைத் தேர்ந்தெடுங்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் தொங்கும் தொப்பியைப் பார்த்துத்தான் நம்மில் பாதிப் பேர் நியூயார்க் யாங்கீஸ் ரசிகர் ஆகிறோம். நானும் அப்படித்தான் ஆனேன். அவர்கள் சொந்த ஊரில் இரவு 7:05-க்குத் தொடங்கினால் நமக்கு விடிகாலை 4:35. ஒரு வாரம் தாங்கலாம், ஆறு மாசம் தாங்காது.

கணக்கு சுலபம். சீசன் முழுவதும் அங்கே கோடைக்கால நேரம் நடப்பதால் வித்தியாசம் நடுவில் மாறாது. கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம், ஹூஸ்டன், சிகாகோ பக்கம் பத்தரை, மேற்குக் கரை பன்னிரண்டரை. அதாவது மேற்கே இரவு 6:40 என்றால் நமக்குக் காலை 7:10. எழுந்து பல் தேய்த்து, காபி டம்ளரோடு உட்காரும் நேரம். ஆகவே என் சிபாரிசு மேற்குக் கரை அணிகள்தான்: டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், பாட்ரஸ், ஏஞ்சல்ஸ், மாரினர்ஸ்.

நான் பிடித்துக்கொண்டது சியாட்டில் மாரினர்ஸ். பெயருக்கு அர்த்தமே கடலோடிகள். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியுமுன் கிளம்பும் சித்தப்பா இருக்கிற வீட்டில் வேறு எந்த அணியைப் பிடிக்க முடியும்? சியாட்டிலும் துறைமுக ஊர். மைதானத்தை ஒட்டியே தண்டவாளம் போகிறது, ஒலிபரப்பில் அவ்வப்போது ரயில் ஹாரன் கேட்கும். முதல் வாரம் அதை நம்ம ஸ்டேஷன் பக்கம் போகிற கூட்ஸ் வண்டி என்றே நினைத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. முப்பது அணிகளில் உலகத் தொடர் இறுதிப் போட்டிக்கு ஒருமுறைகூடப் போகாதது இந்த ஒன்றுதான். 1977-இல் தொடங்கிய அணி. 2001-இல் 116 ஆட்டம் ஜெயித்தும் போகவில்லை. ஜெயிக்கிற அணியைத்தான் பிடிப்பேன் என்பவர்கள் டாட்ஜர்ஸ் பக்கம் போகலாம், தப்பில்லை.

படி 2: தேதி (இங்கேதான் நான் விழுந்தேன்)

நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டும் ஆட்டத்தைத் தவறவிட முடியும். எப்படி என்று கேளுங்கள்.

பேஸ்பால் லீக்கின் எம்எல்பி செயலியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை என்ற தலைப்பின் கீழே மாரினர்ஸ் ஆட்டம், காலை 7:40. சரி, நம் நேரத்துக்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று வெள்ளிக்கிழமை காலை எழுந்து உட்கார்ந்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மழையோ என்று நினைத்தேன். அந்த மைதானத்துக்கு மூடித் திறக்கும் கூரை உண்டு என்பது அப்போது தெரியாது. மறுநாள் சாவகாசமாக பத்து மணிக்கு எழுந்து பார்க்கிறேன், ஆட்டம் முடியும் தறுவாயில்.

விஷயம் இதுதான். செயலி மணியை நம் ஊருக்கு மாற்றுகிறது, தலைப்பில் இருக்கும் தேதியை மாற்றுவதில்லை. அது அமெரிக்கத் தேதி. அங்கே வெள்ளி இரவு என்றால் இங்கே சனி காலை. தலைப்பில் வெள்ளி, பக்கத்தில் காலை 7:40 என்று பார்த்தால் மனசுக்குள் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொள்ளும் முன் இரண்டு முட்டாள்தனம் செய்தேன். ஏப்ரல் மாத ஆட்டங்களை எல்லாம் கையாலேயே காலண்டரில் ஏற்றினேன், பாதி தப்பான நாளில். பிறகு ‘புத்திசாலித்தனமாக’ போனின் நேரத்தையே சியாட்டில் நேரத்துக்கு மாற்றினேன். ஆட்டத்துக்குச் சரியாக எழுந்தேன். ஆனால் அலுவலகக் கூட்ட நினைவூட்டல்கள் எல்லாம் சியாட்டில் மணியில் தெரிந்ததில் காலைக் கூட்டம் ஒன்றைக் கோட்டைவிட்டேன். அதை தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரியான வழி: கூகுள் காலண்டரை கணினியில் திறங்கள். இடது பக்கம் ‘பிற காலண்டர்கள்’ என்பதை ஒட்டி ஒரு கூட்டல் குறி இருக்கும். அதை அழுத்தினால் விருப்பமான காலண்டர்களைத் தேடிச் சேர்க்கும் வழி வரும். அதில் விளையாட்டு, பேஸ்பால், எம்எல்பி என்று உள்ளே போய் உங்கள் அணியில் டிக் செய்யுங்கள். அத்தனை ஆட்டமும் நம் தேதியில், நம் மணியில் வந்து உட்கார்ந்துவிடும். போன் செயலியில் இந்த வசதியைத் தேடி ஒரு மணி நேரம் வீணாக்கினேன், அங்கே இல்லை. கணினி இல்லாதவர்கள் போன் பிரவுசரில் ‘டெஸ்க்டாப் தளம்’ என்பதைத் தேர்வு செய்துகொண்டு முயலலாம். எழுத்து பொடியாக இருக்கும், பொறுமை வேண்டும்.

இன்னொன்று. எதிரணி பெயருக்கு முன்னால் மின்னஞ்சலில் வருகிற அட் குறி இருந்தால் ஆட்டம் எதிரணியின் ஊரில். அப்போது நேரம் அந்த ஊர்க் கணக்குப்படி. மாரினர்ஸ் பாஸ்டனுக்கோ டொரான்டோவுக்கோ போகும் வாரத்தில் நான் அலாரமே வைப்பதில்லை. சொந்த ஊரில் பகல் 1:10-க்கு நடக்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:40. அதற்கும் கும்பிடு. அதே சமயம் கிழக்கே பகல் 1:05 ஆட்டம் நமக்கு அதே நாள் இரவு 10:35, சாப்பிட்டுவிட்டுப் பார்க்கத் தோதானது.

படி 3: எதில் பார்ப்பது, எதில் கேட்பது

எம்எல்பி செயலி இலவசம். ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று படமாகக் காட்டும் ‘கேம்டே’ பகுதியும் அதிலேயே இருக்கிறது. வீடியோவுக்கும் வானொலி ஒலிபரப்புக்கும் தனித்தனியாகச் சந்தா. வருஷா வருஷம் விலை மாறுவதால் இங்கே எழுதவில்லை.

என் கட்சி வானொலி. வீடியோவைவிட மலிவு, டேட்டாவும் அதிகம் தின்னாது. பேஸ்பால் நிதானமான ஆட்டம், பந்துக்கும் பந்துக்கும் நடுவே கதை சொல்ல இடம் இருக்கிறது. நம் ஊரில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு டெஸ்ட் மேட்ச் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தேரடியில் மெட்ரோ ஏறும்போது ஆட்டம் நாலாவது இன்னிங்ஸில் இருக்கும். புது வண்ணாரப்பேட்டை தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியதும் என் சிம் கைவிரித்துவிடும், ஒலி அறுந்துபோகும். அங்கேதான் கேம்டே உதவுகிறது. சிக்னல் ஒரு கீற்று கிடைத்தாலும் எழுத்தும் எண்ணும் வந்துவிடும்.

ஆட்டம் தவறிப்போனால் யூடியூபில் எம்எல்பி சேனலில் சில நிமிடச் சுருக்கம் போடுவார்கள். அதற்கு முன் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள்.

(பழைய வீடியோ பார்த்துவிட்டு ‘ஐயோ, இழுவை’ என்று முடிவுகட்டாதீர்கள். 2023 முதல் பந்து வீச நேரக்கெடு வந்துவிட்டது. பேஸில் (ஓடுகிறவர் நிற்கும் இடத்தில்) ஆள் இல்லையென்றால் 15 விநாடி. அதற்கப்புறம் ஆட்டம் சுமார் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.)

படி 4: 162-ஐயும் பார்க்காதீர்கள்

முதல் வருஷம் நான் கவிழ்ந்தது இதனால்தான். ஒவ்வொரு தோல்விக்கும் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். 2025-இல் தங்கள் ஐந்து அணிப் பிரிவில் முதலிடம் பிடித்த மாரினர்ஸ் 90 ஆட்டம் ஜெயித்து 72 ஆட்டம் தோற்றார்கள். பிரிவு சாம்பியனுக்கே 72 தோல்வி! தோல்வியைத் தினசரிப் பேப்பர் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும், மறுநாள் வேறு பேப்பர் வரும்.

பெரும்பாலும் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் தொடர்ச்சியாக வரும். மூன்றில் இரண்டு ஜெயித்தால் திருப்தி. நான் வாரத்துக்கு ஒரு முழு ஆட்டம், இரண்டு அரைகுறை, மீதி ஸ்கோர் மட்டும். ஒரு வீரரையும் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு 2025-இல் மாரினர்ஸின் கால் ராலி (Cal Raleigh). பந்து பிடிப்பவராக முழங்காலில் உட்கார்ந்தே சீசனை ஓட்டியவர், 60 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஒவ்வொரு நாளும் ‘இன்னிக்கு அடிச்சானா?’ என்று பார்ப்பதற்காகவே செயலியைத் திறந்தேன்.

அம்மா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னாடா இது, அடிச்சாலும் ஓடுறான், அடிக்காமலும் ஓடுறான்?” நாலு பந்து தப்பாக வந்தால் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம், அப்புறம் அசந்த நேரத்தில் இரண்டாவதைத் திருடலாம் என்றேன். “திருடறதுக்குமா கை தட்டறாங்க” என்று போய்விட்டார்.

படி 5: அட்டவணை

நெட் ரன் ரேட் கிடையாது, நிம்மதி. வெற்றி, தோல்வி, வெற்றி விகிதம். விகிதத்தை முன்னால் பூஜ்யம் போடாமல் .556 என்று எழுதுவார்கள். பன்னிரண்டு அணிகள் அக்டோபர் ஆட்டங்களுக்குப் போகும், முப்பது அணிகளையும் பிரித்த இரண்டு லீக்கில் ஒவ்வொன்றிலும் பிரிவு முதல்வர் மூவர், மீதிப் பேரில் அதிகம் ஜெயித்த வைல்டு கார்டு மூவர்.

*பின்சேர்க்கை 1:* ‘ஜிபி’ (முதலிடத்தைவிட எத்தனை ஆட்டம் பின்னால்) என்ற கட்டத்தில் இரண்டரை என்று இருக்கிறதே, அரை ஆட்டம் எப்படிப் பின்தங்க முடியும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலிடத்தில் இருப்பவர் 60 வெற்றி 45 தோல்வி, நாம் 57 வெற்றி 47 தோல்வி என்று வையுங்கள். வெற்றியில் வித்தியாசம் 3, தோல்வியில் 2. கூட்டினால் 5, பாதி இரண்டரை. அவர்கள் நம்மைவிட ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியிருப்பதால் அந்த அரை.

*பின்சேர்க்கை 2:* ஒன்பதில் சமமாகி பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாவது பேஸில் ஒருவர் நிற்கிறாரே, எப்போது வந்தார் என்று இன்னொருவர் கேட்டார். யாரும் அடித்து வரவில்லை. ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று 2020 முதல் சும்மா நிறுத்துகிறார்கள். லீக் ஆட்டத்தில் மட்டும்தான், அக்டோபரில் இல்லை.

அக்டோபர்

அக்டோபரில் நேரத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் தீர்மானிப்பார்கள், என் ஏழு மணி சொகுசெல்லாம் போச்சு. 2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. டெட்ராய்ட்டோடு ஐந்தாவது ஆட்டம், தோற்றவர் வீட்டுக்கு. இங்கே காலை ஐந்தரை மணிவாக்கில் தொடங்கியது பத்தரை வரை ஓடியது. பதினைந்து இன்னிங்ஸ், 3-2 என்று ஜெயித்தோம். காசிமேட்டிலிருந்து திரும்பிய சித்தப்பா “இன்னும் முடியலையா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சுற்றில் டொரான்டோ. ஆறாவது ஆட்டம் சரியாக தீபாவளி விடிகாலையில். தலையில் எண்ணெயோடு ஒரு காதில் இயர்போன், வெளியே சரவெடி. தோற்றோம். மறுநாள் ஏழாவது ஆட்டம், 3-1 என்று முன்னால் இருந்தோம். ஏழாவது இன்னிங்ஸில் டொரான்டோவின் ஸ்பிரிங்கர் அடித்த ஒரே அடியில் மூன்று ரன். 4-3. உலகத் தொடர் கைக்கெட்டிப் போயிற்று. அன்று மெட்ரோவில் பாட்டுகூடக் கேட்கவில்லை.

*பின்சேர்க்கை 3:* பிப்ரவரி கடைசியில் அரிசோனாவில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கும். காலண்டரில் அதுவும் காட்டினால் பதறாதீர்கள். அங்கே பகல் 1:10 என்றால் இங்கே விடியற்காலை 1:40, முடிவு எந்தக் கணக்கிலும் சேராது. தூங்குங்கள்.