புயலுக்குப் பெயர் சூட்டப்படும் முன்பே: குமரி மாவட்ட ஊர்களுக்கான ஆயத்த வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல்களில் பெரும்பாலானவை வடமேற்குத் திசையில் நகர்ந்து சோழமண்டலக் கரையையோ ஆந்திரக் கரையையோ அடைவதால், புயல் என்பது வேறு மாவட்டங்களின் கவலை என்றும், வந்தாலும் இரண்டு மூன்று நாள் அவகாசம் கிடைக்கும் என்றும் குமரி மாவட்டத்தில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் அந்த நம்பிக்கையை உடைத்தது. நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அது நம் கரையில் ஏறவும் இல்லை. கரையை ஒட்டிக் கடந்து லட்சத்தீவுகளை நோக்கிச் சென்றது. அப்படியிருந்தும் ரப்பர் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன, முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்ட மீனவர்களில் பலர் திரும்பவேயில்லை.

ஆகவே, புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஆயத்தம் தொடங்கும் வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது. வானிலை ஆய்வு மையம் பயன்படுத்தும் படிநிலைகளையே வேலைக்கான நேரக்குறிப்பாக வைத்துக்கொள்வது நல்லது. தாழ்வுப் பகுதி வலுப்பெற்றுக் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டரை எட்டினால் அது தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 முதல் 88 வரை புயல். 89 முதல் 117 வரை தீவிரப் புயல். தென்மேற்கு வங்கக் கடலிலோ குமரிக் கடலிலோ தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது என்ற செய்தி வந்த அன்றே ஊர்க்கூட்டம் கூடட்டும். அது தாழ்வு மண்டலம் ஆகும்போது வெளிவேலைகள் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று அறிவிக்கும்போது எவரும் மரத்திலோ கூரையிலோ இருக்கக் கூடாது. பத்து முறை கூடி ஒன்பது முறை புயல் விலகிப் போனால், அந்த ஒன்பது முறையும் வீண் என்று சலித்துக்கொள்பவர் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவருடைய வீட்டுக் கூரை ஓடுகளையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டைக் குறித்து ஒரு விளக்கம் தேவை. அந்த எண்கள் கப்பல்களுக்கும் துறைமுகத்துக்கும் உரியவை. ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள புயலையும், மூன்றும் நான்கும் துறைமுகத்தையே பாதிக்கக்கூடிய வானிலையையும், ஐந்து முதல் ஏழு வரை அபாயத்தையும், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயத்தையும் குறிக்கின்றன. பதினொன்று, தகவல் தொடர்பு அறுந்துபோனதன் அறிகுறி. குளச்சலில் ஒன்றாம் எண் கூண்டுதான் ஏறியிருக்கிறது என்பதைக் காரணமாக வைத்து, திருவட்டாறு மலையடிவாரத்தில் இருப்பவர் மழை எச்சரிக்கையை அசட்டை செய்வது தவறு. மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற எச்சரிக்கையே அளவுகோல். 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்குப் பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் காரணமாக இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது.

கடற்கரை ஊர்கள்

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். பலர் கொச்சியிலிருந்து புறப்படுபவர்கள். கரையில் நிற்கும் படகைக் கட்டி வைப்பதைவிட, கடலில் இருக்கும் படகுக்குச் செய்தி சேர்ப்பதே இங்கு முதல் வேலை. அதற்கு ஒரு பதிவேடு இருந்தாக வேண்டும். படகின் பெயர், பதிவு எண், புறப்பட்ட துறைமுகம், செல்ல எண்ணிய திசை, படகில் இருப்போரின் பெயர்கள், செயற்கைக்கோள் தொலைபேசி அல்லது டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியே படகின் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கருவி) உண்டா என்ற விவரம் ஆகியவற்றைப் புறப்படும் நாளிலேயே எழுதிவைக்கும் பொறுப்பைத் தேவாலயப் பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களிடமோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ ஒப்படைக்கலாம். வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் தொழிலாளர்களின் பெயரும் அவர்களுடைய வீட்டுத் தொலைபேசி எண்ணும் அந்தப் பதிவேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கரையில் அவர்களுக்காகக் கேள்வி கேட்க உறவினர் எவரும் இல்லை என்பதே இதற்குக் காரணம். எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல முடியாத நிலையில் தேடுதல் பணி தொடங்கினால், முதல் நாள் கணக்கெடுப்பிலேயே கழிந்துவிடும்.

சாதாரண வயர்லெஸ் கருவி ஆழ்கடல் வரை எட்டாது. ஆனால் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் செய்தியைக் கடத்த முடியும். செயற்கைக்கோள் தொலைபேசி உள்ள படகு எது என்று கரையில் தெரிந்திருந்தால், அந்த ஒரு படகை அழைத்து, சுற்றியுள்ளவற்றுக்குச் சொல்லச் சொல்லலாம். செய்தியும் தெளிவாக இருக்க வேண்டும். ‘உடனே கரைக்கு வாருங்கள்’ என்பது எப்போதும் சரியான செய்தி ஆகாது. புயலின் பாதையைக் குறுக்கே கடந்து ஊருக்கு வருவதைவிட, லட்சத்தீவிலோ கர்நாடகக் கரையிலோ அருகில் உள்ள துறைமுகத்தில் ஒதுங்குவது பாதுகாப்பாக இருக்கக்கூடும். புயல் இப்போது இருக்கும் இடம், அது நகரும் திசை, காற்றின் வேகம் ஆகிய மூன்றையும் அறிக்கையில் உள்ளவாறே படித்துக் காட்டினால், முடிவெடுக்கும் அனுபவம் படகோட்டிகளிடம் உண்டு. கடலோரக் காவல் படையின் மீட்பு உதவி எண் 1554 ஒவ்வொரு படகின் உள்சுவரிலும் பெயின்டால் எழுதப்பட்டிருக்கட்டும்.

கரையில் உள்ள வள்ளங்களையும் கட்டுமரங்களையும் அலை எட்டாத மேட்டுக்கு ஏற்றி, இயந்திரத்தையும் வலையையும் தனியே கழற்றி எடுத்துவிட வேண்டும். துறைமுகத்துக்குள் நிற்கும் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும். இடைவெளி விட்டு, பக்கங்களில் பழைய டயர்களைத் தொங்கவிட்டு, நீர்மட்டம் உயர்ந்தால் அறுந்துபோகாதபடி கயிற்றில் சற்றுத் தளர்வு கொடுக்க வேண்டும். தேங்காப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் அலையில் சிக்கிப் படகுகள் கவிழ்ந்த விபத்துகளை இப்பகுதியினர் நன்கு அறிவர். கடல் சீறும்போது அவசரப்பட்டு அந்த வழியே உள்ளே நுழைவதற்கும், படகைப் பார்க்க இரவில் துறைமுகத்துக்குப் போவதற்கும் எவரையும் அனுமதிக்கக் கூடாது.

ஆற்றோரமும் மலையடிவாரமும்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் உபரிநீர் கோதையாறாகவும் பரளியாறாகவும் இறங்கி, மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. மலையில் பெய்யும் மழை சமவெளியில் தெரியாது. உங்கள் ஊரில் தூறல்கூட இல்லாதபோது ஆறு ஏறலாம். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணியினுடையது 77 அடி. நாளிதழ்களில் தினமும் வெளியாகும் நீர்மட்டத்தைப் பார்த்து, அணை நிறைந்த நிலையில் இருக்கும்போது தாழ்வு மண்டலமும் வருகிறது என்றால், தாழ்வான பகுதியினர் திறப்பு அறிவிப்புக்குக் காத்திராமல் முதியோரையும் கால்நடைகளையும் மேட்டுக்கு மாற்றிவிடலாம். குழித்துறைச் சப்பாத்தில் (தரைப்பாலத்தில்) தண்ணீர் ஏறினால் இருசக்கர வாகனத்தில் கடக்கத் துணியும் இளைஞர்களைத் தடுக்க, இரு கரையிலும் ஆள் நிறுத்துவது ஊராட்சிக்கும் காவல்துறைக்கும் உரிய கடமை. அவர்கள் வந்து சேரும்வரை ஊரார் ஒரு கயிற்றைக் கட்டிவைக்கலாம். பழையாற்றின் கரையில் ஒழுகினசேரி, சுசீந்திரம் பகுதியினருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆறு கடலில் சேரும் பொழிமுகம் மணலால் மூடிக் கிடந்தால் வெள்ளம் பின்னோக்கித் தேங்கும் என்பதால், அதை வெட்டிவிடும்படி நீர்வளத்துறைக்கு மழைக்கு முன்பே மனு அளித்துவிட வேண்டும்.

விவசாயிகளுக்குக் கிடைப்பது ஒன்றரை நாள் என்று வைத்துக்கொண்டால், அதை வாழைக்குச் செலவிடுவதே பயன் தரும். முற்றும் நிலையில் உள்ள ஏத்தன், செந்துளுவன், மட்டிக் குலைகளை விலை சற்றுக் குறைந்தாலும் வெட்டிவிடுவதே மேல். ஏனையவற்றுக்குக் காற்று வரும் திசையை எண்ணி முட்டுக் கொடுத்து, அடியில் உள்ள முதிர்ந்த இலைகளை அறுத்துக் காற்றின் பிடியைக் குறைக்கலாம். தென்னையில் முற்றிய தேங்காயையும் காய்ந்த ஓலையையும் இறக்கிவிட்டால் மரத்தின் தலைப்பாரம் குறையும்; காற்றில் பறந்து வரும் தேங்காய் ஆளைக் கொல்லும் என்பதையும் மறக்கலாகாது. ரப்பர் மரத்தைக் காப்பாற்ற ஒரே நாளில் செய்யக்கூடியது அதிகம் இல்லை. பால்வெட்டை நிறுத்தி, ஷீட்டுகளை உயரமான இடத்தில் அடுக்கி, தோட்டத்துக்குள் குடியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களை வெளியே அழைத்து வந்துவிடுவதே முடிந்தது. கும்பப்பூப் பருவ நெல் நாற்று நிற்கும் வயலில் வடிகால் வாயைத் திறந்துவைக்க வேண்டும்.

வீடுகளும் பந்தல்களும்

பறக்கக்கூடியவையே காற்றில் பேராபத்து. மொட்டைமாடியில் சாய்த்து வைத்த தகரம், கடைகளின் விளம்பரப் பலகை, கயிற்றில் கட்டிய பிளக்ஸ் ஆகியவற்றை முதல் நாளே இறக்கிவிட வேண்டும். மொட்டைமாடியில் உள்ள சின்டெக்ஸ் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் இரண்டு வேலை நடக்கும்: மின்சாரம் போனபின் தண்ணீர் கிடைக்கும், ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு டன் எடையோடு நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டு வீடுகளில் உடைந்த ஓடுகளை மாற்றுவதோடு, வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் அயனி, பலா, கொல்லா (முந்திரி) மரங்களின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மின்கம்பியை உரசும் கிளையை நாமே வெட்டாமல், 94987 94987 என்ற மின்னக எண்ணில் தெரிவித்து மின்வாரியத்தினரை அழைக்க வேண்டும்.

புயல் பருவமும் விழாப் பருவமும் இங்கு ஒரே நேரத்தில் வருகின்றன. நவம்பர் இறுதியில் கோட்டாறு சவேரியார் திருவிழா. கார்த்திகையிலும் மார்கழியிலும் கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம். டிசம்பர் முழுவதும் கிறிஸ்துமஸ் குடில்களும் நட்சத்திரங்களும். சாலையின் குறுக்கே கட்டிய அலங்கார வளைவும், சீரியல் விளக்குகள் தொங்கும் மூங்கில் கம்பமும் காற்றில் விழுந்தால் ஆம்புலன்ஸ் போகும் வழி அடைபடும். விழாக் குழுவினர் பந்தல்காரரோடு ஒப்பந்தம் பேசும்போதே, எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்தில் அவர் பிரித்துத் தர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்வது நல்லது. அறிவிப்புக்கு இதே கோவில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகள் உதவும். மின்சாரம் நின்றபின் தேவாலய மணியை எப்படி அடித்தால் என்ன பொருள் என்பதை முன்பே ஊரில் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

மருந்து உண்போரின் பட்டியல் ஊர்க்கூட்டத்தின் முதல் நாளிலேயே தயாராகட்டும். அடுத்த சில நாட்களில் பிரசவத்தை எதிர்பார்க்கும் பெண்களையும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களையும், ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்களையும் மரங்கள் விழுந்து சாலை அடைபடும் முன்பே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தக்கலை அரசு மருத்துவமனைக்கோ அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுவது சிறந்தது. இன்சுலினை, குளிர்பெட்டி நின்றுபோனால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நீர் படாமல் வைக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிநீர், அரிசி, பயறு, மரச்சீனிக் கிழங்கு, உப்பு, தீப்பெட்டி, டார்ச் விளக்கு, மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஆகியவை ஒரு வாரத்துக்குப் போதுமான அளவில் இருக்க வேண்டும். செல்பேசிக் கோபுரங்கள் டீசல் தீர்ந்ததும் ஊமையாகிவிடும். அப்போது நாகர்கோவில் வானொலி நிலையமே மிஞ்சும். ஊரில் யாரிடம் மரம் அறுக்கும் இயந்திரம் இருக்கிறது, யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாரிடம் டிராக்டர் இருக்கிறது என்ற சிறு பட்டியல், பெரிய தீர்மானங்களைவிடப் பயன்படும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ அடைத்த வராந்தாவிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தினுடையது 1070.

காற்று ஓய்ந்தபின்

காற்று திடீரென்று அடங்கினால், புயலின் நடுப்பகுதி கடந்துகொண்டிருக்கக்கூடும்; எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும் வாய்ப்பு உண்டு. அதிகாரபூர்வ அறிவிப்பு வரும்வரை வெளியே வர வேண்டாம். வந்தபின், அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும் மின்சாரம் பாய்வதாகவே எண்ணி ஒதுங்க வேண்டும். சாய்ந்த ரப்பர் மரங்கள் ஒன்றையொன்று அழுத்தி வளைந்து நிற்கும். அவற்றை அறுக்கையில் துள்ளி அடிக்கும் என்பதால் பழக்கமுள்ளவரே வெட்டட்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துத் தூர்வாரியபின் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் மீட்டரில் அளந்து, விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் ஆழம் பெருக்கல் 785 என்று கணக்கிட்டால் லிட்டர் கிடைக்கும். இரண்டு மீட்டர் விட்டமும் ஐந்து மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 15,700 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 40 கிராம் போதும். பவுடரை வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் நீரைக் காய்ச்சிக்கொள்வது நல்லது.

இழப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், விழுந்த மரத்தையும் சிதைந்த கூரையையும் அகற்றும் முன்பே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெற வேண்டும். இறந்த கால்நடையைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் சான்று தேவைப்படும். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் பாதிப்பைப் பதிவு செய்வது அவசியம். செல்பேசி வேலை செய்யாத ஊர்களில் அந்தக் கால அளவு விரைவில் கழிந்துவிடும் என்பதால், ஊரிலிருந்து ஒருவரை எல்லோருடைய விவரங்களோடும் வேளாண்மை அலுவலகத்துக்கு நேரில் அனுப்பிவிடலாம்.