அண்டை நாடுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்து மக்கள் 39 லட்சத்து 36 ஆயிரம். இன்றைய வேலூர் மாவட்ட எல்லைக்குள், அதே கணக்கெடுப்பின்படி, 16 லட்சத்து 14 ஆயிரம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வெளியூர்க்காரர் ஒருவர், 23 லட்சம் பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினால் நமக்குச் சிரிப்பு வரும். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்த கதை நமக்குத் தெரியும். 1989-இல் வட ஆற்காடு இரண்டானபோது திருவண்ணாமலை பிரிந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை திருப்பதியே வட ஆற்காட்டில்தான் இருந்தது. சொந்த ஊர் விஷயத்தில் இவ்வளவு விவரமாக இருக்கிற நாம், பேச்சு பக்கத்து நாட்டுக்குப் போனவுடன் அந்த வெளியூர்க்காரராக மாறிவிடுகிறோம்.

பாகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் அதன் மக்கள் 9 கோடிக்கு மேல். 1972-இல் ஆறரைக் கோடி. இடையில் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசமாகிவிட்டது. பிரிவதற்கு முன் மொத்த மக்களில் பாதிக்கு மேல் கிழக்கில்தான் இருந்தார்கள். 1950களின் பாகிஸ்தான் ஏற்றுமதிப் பட்டியலில் சணல் முன்னால் நிற்கும். அது வங்காள ஆற்றுப்படுகையில் விளைந்த சணல். "அன்றைய பாகிஸ்தானும் இன்றைய பாகிஸ்தானும்" என்று கோடு இழுத்து வளர்ச்சி காட்டும் வரைபடங்கள் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. கீழே எல்லை பற்றிய குறிப்பு இல்லாவிட்டால் அவற்றை நம்பாமல் இருப்பதே நல்லது.

எல்லை மாறாத நாடுகளிலும் ஒரு வழுக்கல் உண்டு. வங்கதேசமும் நேபாளமும் பரப்பளவில் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 1,47,000 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகின்றன. மக்களோ வங்கதேசத்தில் 2022 கணக்கெடுப்பின்படி சுமார் 17 கோடி, நேபாளத்தில் 2021-இல் 2 கோடியே 92 லட்சம். நேபாளத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 200 பேர் அளவில்தான், தாராளமான இடம் என்று எழுதிவிடுவார்கள். அங்கே தராய் சமவெளி நாட்டு நிலத்தில் கால் பங்குகூட இல்லை. மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் நெருக்கி வாழ்கிறார்கள். ஜவ்வாது மலையையும் பாலாற்றுப் படுகையையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைக்கும் எண் எந்த ஊரையும் விவரிக்காது. நேபாளத்தின் 200-உம் அப்படிப்பட்டதுதான்.

கணக்கெடுப்பு ஆண்டையும் பார்க்க வேண்டும். நேபாளம் 2021, வங்கதேசம் 2022, பாகிஸ்தான் 2023 என்று எண்ணி முடித்துவிட்டன. நமக்கோ முழுமையாக எண்ணிய கடைசி ஆண்டு 2011. 2021-இல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. எனவே அவர்களுக்கு எண்ணிய எண், நமக்கு மதிப்பீடு. இரண்டையும் ஒரே அட்டவணையில் தசமப் புள்ளி வரை எழுதுவது போலித் துல்லியம்.

நகரம் என்று யார் சொன்னது?

எனக்குத் தெரிந்து மிக அதிகமானோர் விழும் குழி இதுதான். நேபாளத்தில் 2011-இல் நகரவாசிகள் 17 சதவீதம். 2021-இல் 66 சதவீதம். பத்தே ஆண்டுகளில் ஒரு மலைநாடு நகரமயமாகிவிட்டதா? இல்லை. 2011-இல் அங்கே 58 நகராட்சிகள் இருந்தன. புதிய அரசமைப்புச் சட்டத்தை ஒட்டி உள்ளாட்சிகளை மாற்றியமைத்தபோது மொத்தம் 753 அமைப்புகளில் 293 நகராட்சிகளாகிவிட்டன. நேற்றுவரை கிராமமாக இருந்த இடம், மாடும் சோளக்கொல்லையும் அப்படியே இருக்க, மறுநாள் நகராட்சி எல்லைக்குள் வந்தது. மக்கள் அடர்த்தியை வைத்து நேபாளப் புள்ளியியல் அலுவலகமே மறுபடி பிரித்துப் பார்த்தபோது, உண்மையான நகரப் பகுதி சுமார் 27 சதவீதம்தான் தேறியது.

இலங்கையில் கதை தலைகீழ். 2012 கணக்கெடுப்பில் நகர மக்கள் 18 சதவீதம்தான். தமிழ்நாட்டில் 2011-இல் 48 சதவீதம். அப்படியானால் இலங்கை பெரிய பட்டிக்காடா? அங்கே மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டுமே நகரத்தார் என்று எண்ணுகிறார்கள். 1987-இல் பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டு, அந்தச் சிறுநகரங்கள் பிரதேச சபைகளுக்குள் போய்விட்டன. அத்தோடு கணக்கில் கிராமங்களாகவும் ஆகிவிட்டன. கொழும்பை ஒட்டி வீடும் கடையுமாக நீளும் எத்தனையோ பகுதிகள் ஏட்டில் கிராமம்.

நம் கணக்கெடுப்பு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. பஞ்சாயத்தாகவே இருந்தாலும், 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் விவசாயம் அல்லாத வேலையில் என்ற மூன்றும் பொருந்தினால் அந்த ஊர் நகரமாக எண்ணப்படும். பள்ளிகொண்டாவிலிருந்து வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கு எங்கே ஊர் முடிந்து எங்கே நகரம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. தோல் தொழிற்சாலையும் ஷூ கம்பெனியும் அந்தக் கோட்டை எப்போதோ அழித்துவிட்டன. மூன்று நாட்டின் மூன்று வரையறைகளில் கிடைத்த சதவீதங்களை ஒரே பட்டியலில் ஏறுவரிசையாக அடுக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

வேலைக்குப் போகும் பெண்களின் சதவீதமும் இதே ரகம்தான். நேபாளத்தில் 2008 ஆய்வில் 80 சதவீதம். 2017-18 ஆய்வில் 26 சதவீதம். பெண்கள் வேலையை விட்டுவிடவில்லை. சொந்த வீட்டுத் தேவைக்காக மட்டும் பயிர் செய்வதும் மாடு வளர்ப்பதும் புதிய பன்னாட்டு வரையறையில் "வேலைவாய்ப்பு" ஆகாது. அதனால் கணக்கிலிருந்து விழுந்தார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணிடம் "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார். கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று தெரியாமல் அந்தப் பதிலை எண்ணாக்கி இன்னொரு நாட்டோடு ஒப்பிட முடியாது.

டாலர் படுத்தும் பாடு

2020 அக்டோபரில் பன்னாட்டு நிதியம் ஒரு கணிப்பு வெளியிட்டது: அந்த ஆண்டு தனிநபர் ஜி.டி.பி.யில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) வங்கதேசம் 1,888 டாலர், இந்தியா 1,877 டாலர். பதினொரு டாலர் வித்தியாசத்துக்குத் தொலைக்காட்சிகளில் ஒரு வாரம் சண்டை. கொரோனா ஆண்டில் இந்தியப் பொருளாதாரம் 10.3 சதவீதம் சுருங்கும், வங்கதேசம் 3.8 சதவீதம் வளரும் என்பது அந்தக் கணிப்பின் அடிப்படை. ஒரு நோய்க்கால ஆண்டை எடுத்து இரு நாடுகளின் தலையெழுத்தைப் படிப்பது முதல் தவறு. சந்தை மாற்று விகிதத்தை வைத்து வாழ்க்கைத்தரத்தை அளப்பது இரண்டாவது. டாலர் விலை, எல்லை தாண்டும் சரக்கையும் முதலீட்டையும் ஒட்டி ஏறி இறங்குகிறது. வீட்டு வாடகையும் பஸ் கட்டணமும் அப்படி நகர்வதில்லை. உள்ளூர் விலைகளைச் சரிசெய்து வாங்கும் திறன் அடிப்படையில் பார்த்தபோது, அதே நிதியத்தின் கணக்கில் இந்தியா ஆறாயிரம் டாலருக்கு மேல், வங்கதேசம் ஐயாயிரத்தை ஒட்டி.

அதற்காக "அப்படியானால் நாமே உயர்ந்தவர்கள்" என்று துள்ளவும் வேண்டாம். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு வங்கதேசத்தில் 31 (2022 ஆய்வு), இந்தியாவில் 42 (2019–21 ஆய்வு). வருமானத்தில் யார் முன்னே என்ற கேள்வியும், குழந்தைகளைக் காப்பாற்றுவதில் யார் முன்னே என்ற கேள்வியும் வேறு வேறு.

அந்தக் கணிப்புக்கு அடுத்த ஆண்டே, 2021-இல், இன்னொரு வேடிக்கை நடந்தது. வங்கதேசம் தன் கணக்கின் அடிப்படை ஆண்டை 2005-06-இலிருந்து 2015-16-க்கு மாற்றியது. ஒரே நாளில் தனிநபர் வருமானம் 2,227 டாலரிலிருந்து 2,554 டாலராயிற்று. கூடுதலாக ஒரு சட்டைகூடத் தைக்கப்படவில்லை. பழைய கணக்கில் விடுபட்டிருந்த தொழில்கள் புதிய கணக்கில் சேர்ந்தன, அவ்வளவுதான். இதை மோசடி என்று சொல்பவர்கள் உண்டு; எல்லா நாடுகளும் செய்வதுதான். மாற்றத்துக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒரே கோட்டில் போடுகிறவர்தான் தவறு செய்கிறார். ஏற்றுமதிக் கணக்கு வேறு விஷயம். அந்நாட்டு ஏற்றுமதி அமைப்பு சொன்ன தொகை ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் கூடுதலாக இருந்ததை 2024-இல் அவர்களுடைய மத்திய வங்கியே திருத்தியது. ஆம்பூரில் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் டாக்காவின் எண்ணைக் காட்டிப் பெருமூச்சு விடுவதற்கு முன், அது எந்த அலுவலகத்து எண் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரூபாய் இன்னொரு கண்ணி. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை நான்கிலும் ரூபாய்தான், மதிப்பு வேறு. நேபாளம் 1993 முதல் நம் 1 ரூபாய்க்குத் தன் 1.60 என்று கட்டி வைத்திருக்கிறது. பூட்டானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமம். இலங்கை ரூபாயோ 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200. மே மாதத்தில் 360. அந்த ஆண்டு அங்கே உற்பத்தி ஏழெட்டு சதவீதம் குறைந்தது. டாலரில் பார்த்தவர்களுக்கு வீழ்ச்சி அதைவிட வெகு பெரிதாகத் தெரிந்தது. நிதியாண்டும் ஒன்றல்ல: நமக்கு ஏப்ரலில் தொடங்கும், வங்கதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் ஜூலையில், இலங்கைக்கு ஜனவரியில்.

ஜி.டி.பி.க்குள் வராதவை

நேபாளத்துக்கு வெளிநாட்டிலிருந்து மக்கள் அனுப்பும் பணம் அதன் உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்குக்குச் சமம். அது அந்த உற்பத்திக்குள் சேராது. வளைகுடாவில் நடந்த வேலை அது. ஆனால் அந்தப் பணத்தில்தான் நேபாளத்தில் வீடு எழும்புகிறது, பிள்ளை பள்ளிக்குப் போகிறது. ஜி.டி.பி. மட்டும் பார்ப்பவருக்கு இவ்வளவு ஏழை நாட்டில் இவ்வளவு கான்கிரீட் வீடுகள் எப்படி என்று புரியாது. தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் நம் கம்மவான்பேட்டையின் வீடுகளையும் அந்த ஊர் நிலத்தின் விளைச்சலை வைத்து விளக்க முடியாது.

உற்பத்திக் கணக்கிலிருந்து கழிக்கப்படாத சேதங்களும் உண்டு. தோல் ஏற்றுமதியை வைத்து இந்தியாவையும் வங்கதேசத்தையும் எடைபோடும் கட்டுரைகளில் பாலாறும் வராது, டாக்காவின் புரிகங்கா ஆறும் வராது. தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது ஒன்று. டாக்காவில் ஹசாரிபாக் தோல் ஆலைகள் 2017-இல் சாவருக்கு மாற்றப்பட்டன. எந்த நாட்டுத் தோல் மலிவு என்று கேட்பவர், கழிவு நீருக்கு அங்கே யார் பணம் கொடுத்தார்கள், இங்கே யார் கொடுத்தார்கள், யாருமே கொடுக்காமல் எந்தக் கிணறு கெட்டது என்பதையும் சேர்த்தால்தான் கேள்வி முழுமையாகும்.

எதை எதோடு?

இந்தியாவையும் இலங்கையையும் நேரடியாக ஒப்பிடுவதில் ஒரு சங்கடம். குழந்தைப்பேற்று விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டில் 1.8, பிகாரில் 3.0, இந்தியச் சராசரி 2.0. அந்த இரண்டு என்பது பிகாரும் இல்லை, நாமும் இல்லை. கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு இலங்கையோடு தமிழ்நாட்டையோ கேரளத்தையோ நிறுத்துவது நியாயம். ஆனால் 2022 நெருக்கடியைப் பேசும்போது அதே ஒப்பீடு உதவாது. தமிழ்நாட்டுக்குத் தனி நாணயமோ அந்நியச் செலாவணி இருப்போ கிடையாது. டாலர் தீர்ந்து பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும் நிலை ஒரு மாநிலத்துக்கு அந்த வழியில் வராது.

இலங்கை விஷயத்தில் நமக்கு இன்னொரு மிதப்பும் உண்டு. கண்டியின் கடைசி அரசர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. பக்கத்து வீடுதானே, தெரியாதா என்கிறோம். தெரியாது என்பதற்கு ஒரு சான்று: "இலங்கைத் தமிழர்" என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. 2012 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் 11 சதவீதம், பெரும்பாலும் மலையகத்தில் வாழும் இந்தியத் தமிழர் 4 சதவீதம். தமிழ் பேசும் முஸ்லிம்களை அக்கணக்கு இனமாகவே தனியாக வைக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வருமானக் கதையும் நுவரெலியாத் தோட்டத்தில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் கதையும் ஒன்றல்ல.

கடைசியாக, நம் காந்தி ரோடு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிய லாட்ஜ்களிலும் மருந்துக்கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகைகளைப் பார்த்துவிட்டு, "வங்கதேசத்தில் ஆஸ்பத்திரியே இல்லை போலிருக்கிறது" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். முதலில், வங்காளம் பேசுபவர் எல்லாரும் வங்கதேசத்தவர் அல்லர். மேற்கு வங்கம், திரிபுரா, அசாமிலிருந்து ரயிலில் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்கள் ஏராளம். இரண்டாவது, வங்கதேசத்திலிருந்து இவ்வளவு தூரம் வருபவர் அந்த நாட்டின் மாதிரி அல்லர். பயணத்துக்கும் தங்குவதற்கும் பணம் புரட்ட முடிந்தவர், அல்லது நிலத்தை விற்றாவது வந்தே தீர வேண்டிய நோயுள்ளவர். அவரைக் கொண்டு டாக்காவின் வறுமையையும் அளக்க முடியாது, வசதியையும் அளக்க முடியாது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்திய விசா வழங்குவது வெகுவாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு இங்கே வங்கதேச நோயாளிகள் குறைந்தார்கள் என்றால், அந்நாட்டுப் பொருளாதாரத்தில் காரணம் தேடுவதற்கு முன் விசா அலுவலக வாசலைப் பார்க்க வேண்டும்.