மருத்துவர் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது? மனிதவளப் பிரிவுக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கின் ஊழியர் கோப்புகளைச் சரிபார்க்கப் போயிருந்தேன். சுமார் எழுபது பேர் வேலை பார்க்கும் இடம். மனிதவளப் பிரிவைக் கவனித்துக்கொள்பவர் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தமிழ்ப் பெண். கோப்புகளை அகர வரிசையில் அடுக்கி, வண்ணத்தாள் ஒட்டி, பார்க்கவே மனம் நிறையும்படி வைத்திருந்தார். மூன்றாவது கோப்பைத் திறந்தேன். வேலை விண்ணப்பம், சம்பள உயர்வுக் கடிதம், அதற்கு அடுத்த தாள் ஒரு சிறுநீரக மருத்துவர் எழுதியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 18 ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் கிளிப் போட்டு வைத்தேன்.

இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீகம் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் சொல்வது எல்லாருக்கும் தெரியும். நேர்காணலில் வயதையும் கர்ப்பத்தையும் பற்றிக் கேட்கக்கூடாது என்பதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நல்ல எண்ணத்தோடு, வேலையைச் சுத்தமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்யும் தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

மருத்துவத் தகவலைப் பொதுக் கோப்பில் வைப்பது

அப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இளநிலை உதவியாளர். சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த ஒரு பெண் என் மேசைக்கு வந்து, தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், இன்சுலின் போட்டுச் சாப்பிட இரண்டு சிறு இடைவேளை வேண்டும் என்றும் கேட்டார். மருத்துவரின் கடிதத்தையும் கொடுத்தார். உடனே ஒப்புதல் வாங்கிக் கொடுத்தேன். ஊழியருக்கு நல்லது செய்தோம் என்ற நிறைவோடு கடிதத்தை அவருடைய கோப்பில், வருகைப் பதிவுக்குப் பின்னால் சேர்த்தேன்.

ஆண்டு மதிப்பீட்டுக்காக அவருடைய மேற்பார்வையாளர் அந்தக் கோப்பை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் ஓய்வறையில் யாரோ டோனட் பெட்டி திறந்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண் கை நீட்டியபோது மேற்பார்வையாளர் நாலு பேர் முன்னால், “உங்களுக்கு இது ஆகாதே!” என்றார். அக்கறையில் சொன்னதுதான். அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பியதை நான் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து ஷிப்ட் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. அது நோயின் காரணமாகவா, வேறு காரணமாகவா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவராலும் அறிய முடியாது. அவர் மேற்பார்வையாளரைத் திட்டவில்லை. என் மேசைக்கு வந்து, “உங்களிடம்தான் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை” என்றார்.

1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். பாகுபாடு காட்டாதே என்பதோடு அது நிற்கவில்லை. வேலை தருவதாக உறுதி சொல்லும் வரை உடல்நலம் பற்றி எதுவும் கேட்கக்கூடாது. சொன்ன பிறகு கேட்கலாம், ஆனால் அதே வேலைக்குச் சேரும் எல்லாரிடமும் கேட்க வேண்டும். வேலையில் சேர்ந்துவிட்ட பிறகு, அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டுமே கேட்கலாம். இப்படிக் கிடைத்த தகவலைத் தனிப் படிவத்தில், தனிக் கோப்பில், இரகசியமாக வைக்க வேண்டும். மேற்பார்வையாளருக்குச் சொல்லக்கூடியது அந்த ஊழியருக்கு என்ன கட்டுப்பாடு, என்ன மாற்றம் தேவை என்பது மட்டும். முதலுதவி செய்வோருக்கும், சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று விசாரிக்கும் அரசு அதிகாரிகளுக்கும் தேவையைப் பொறுத்துச் சொல்லலாம்.

இந்தச் சட்டத்தில் அந்தரங்கமும் பாகுபாடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நோயின் பெயர் மேற்பார்வையாளருக்குத் தெரியாதவரை, அவர் எடுக்கும் முடிவில் நோய்க்கு இடமில்லை. தெரிந்துவிட்டால், அதன்பின் அவர் செய்யும் எதையும் சந்தேகம் தொடரும். நேர்மையாக எடுத்த முடிவையும் நிரூபிக்க வழியில்லாமல் போகும். அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்து நான் மூன்று பேருக்குக் கெடுதல் செய்தேன்: அந்தப் பெண்ணுக்கு, மேற்பார்வையாளருக்கு, உண்மையிலேயே தகுதியால் பதவி பெற்றிருக்கக்கூடிய மூன்றாம் மனிதருக்கு.

அந்தப் பெண் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார். அதற்குக் காலக்கெடு 180 நாள். நியூ ஜெர்சிபோல் மாநிலத்துக்கென்று தனி அமைப்பு உள்ள இடங்களில் 300 நாள். புகார் வந்ததும் என் மேலாளர் சொன்ன முதல் யோசனை, “அவர் நிம்மதியாக இருக்கட்டும், இரவு ஷிப்டுக்கு மாற்றிவிடலாம்” என்பது. நல்லவேளையாக வழக்கறிஞர் தடுத்தார். புகார் கொடுத்தவருடைய வேலையைக் கடினமாக்குவது தனிக் குற்றம். ரயில்வேயில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் புகார் கொடுத்ததும் தண்டவாள வேலைக்கு மாற்றப்பட்டார். பின்னர் 37 நாள் சம்பளமில்லாமல் நிறுத்திவைக்கப்பட்டார். நியாயமான ஓர் ஊழியரைப் புகார் கொடுக்கவிடாமல் தயங்க வைக்கும் எதுவும் பழிவாங்கல்தான் என்று அந்த வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

எங்கள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 15 முதல் 100 பேர் உள்ள நிறுவனத்துக்கு இழப்பீட்டுக்கும் தண்டத் தொகைக்கும் சேர்த்து உச்சவரம்பு 50,000 டாலர் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நிலுவைச் சம்பளமும் வழக்கறிஞர் கட்டணமும் அந்த வரம்புக்கு வெளியே. அந்தப் பெண்ணோ வேலையை விட்டே போய்விட்டார்.

மேற்பார்வையாளருக்கு நான் இப்போது அனுப்பும் குறிப்பு இவ்வளவுதான்: “இவர் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் 15 நிமிட இடைவேளை எடுப்பார். மனிதவளப் பிரிவு ஒப்புதல் அளித்துள்ளது.” என்ன நோய் என்று கேட்டால், அது அவருடைய வேலைக்குத் தேவைப்படாத விவரம் என்று சொல்லிவிடுகிறேன். சக ஊழியர்கள் “அவருக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டால், “உடம்பு சரியில்லை, அதனால் சலுகை” என்றுகூடச் சொல்லக்கூடாது. அதுவும் வெளியிடுவதுதான்.

“அம்மாவுக்கும் இருந்ததா?”

இது நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. யாராவது சர்க்கரை என்று சொன்னால் “பரம்பரையா?” என்பதுதான் நம் வாயில் வரும் அடுத்த சொல். வீட்டில் அது பாசம். அலுவலகத்தில் 2008-ஆம் ஆண்டின் மரபணுத் தகவல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. குடும்பத்தாரின் நோய் வரலாறும் அந்தச் சட்டத்தில் மரபணுத் தகவல். ஊழியர் தானாகச் சொன்னது காதில் விழுந்தால் குற்றமில்லை. “வீட்டில் வேறு யாருக்கு?” என்று தோண்டினால் அந்த விலக்கு போய்விடும். “சீக்கிரம் குணமாகட்டும்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹிப்பா பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

பார்த்துக்கொள்ளாது. நோயாளிகளின் மருத்துவத் தகவலைக் காக்கும் அந்தச் சட்டம் மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டுத் திட்டங்களுக்கும் உரியது. முதலாளி என்ற முறையில் நீங்கள் வைத்திருக்கும் வேலைக் கோப்பு அதற்குள் வராது. மருத்துவத் தகவலைப் பூட்டிவைக்கச் சொல்வது 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம்.

பின்னணிச் சோதனைப் படிவத்தில் எல்லாவற்றையும் திணிப்பது

விண்ணப்பதாரரின் பின்னணியை வெளி நிறுவனத்தைக் கொண்டு சோதித்தால், 1970-ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் வந்துவிடும். சோதிக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு தனித் தாளில் இருக்க வேண்டும். எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும். “உங்கள்மேல் வழக்குத் தொடர மாட்டேன்” என்ற ஒரு வரியை அந்தத் தாளிலேயே சேர்த்ததற்காக, தெரிந்தே செய்த மீறல் என்று 2017-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய மீறலுக்கு ஆளுக்கு 100 முதல் 1,000 டாலர் வரை. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட படிவம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை பாதகமாக வந்தாலும் உடனே மறுக்கக்கூடாது. முதலில் அதன் நகலையும் உரிமைகள் பற்றிய குறிப்பையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும். அதே பெயருடைய வேறொருவரின் குற்ற வழக்கு ஒரு தமிழ் இளைஞரின் அறிக்கையில் ஏறியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நகல் கைக்கு வந்ததால் அவர் ஒரே வாரத்தில் சரிசெய்துகொண்டார்.

“கிரீன் கார்டு கொண்டுவாருங்கள்”

வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பதை அனுமதிக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஊழியரே தேர்ந்தெடுப்பார். ஓட்டுநர் உரிமமும் கட்டுப்பாடு எதுவும் அச்சிடப்படாத சமூகப் பாதுகாப்பு அட்டையும் போதும். முகத்தையும் உச்சரிப்பையும் வைத்துக் கூடுதலாகக் கேட்பது சட்டவிரோதம். கேட்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்பதால் அது சரியாகிவிடாது.

ஊழியரின் தொலைபேசிப் பேச்சைக் கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்பது

நிறுவனத்தின் தொலைபேசி என்பதற்காக எல்லாமே நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. 1968-ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்புத் தடைச் சட்டம் 1986-இல் மின்னஞ்சலுக்கும் விரிந்தது. ஊழியர் முழுமையாக ஒப்புதல் தந்திராவிட்டால், சொந்தப் பேச்சு என்று தெரிந்த நொடியில் வைத்துவிட வேண்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாதே என்று விதி போடுவது

1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்துக்கு எதிரானது. அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள்.

பொய் கண்டறியும் கருவி

1988 முதல் தடை. சில விலக்குகள் உண்டு. உங்கள் கிடங்குக்கு அவற்றைத் தேடாதீர்கள்.

அந்தத் தமிழ்ப் பெண்ணும் நானும் அன்று மாலை வரை உட்கார்ந்து எழுபது கோப்புகளையும் பிரித்தோம். பதினொரு மருத்துவர் கடிதங்கள் கிடைத்தன. பூட்டு உள்ள அலமாரி ஒன்றைக் காலி செய்து அவற்றை மாற்றினோம். சாவி அவரிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று. பிறகு கோப்புகளை யார் எடுத்துப்போனார்கள் என்று கேட்டேன். அவர் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். அந்தப் பதினொன்றில் ஆறு கோப்புகளுக்கு நேரே மேற்பார்வையாளரின் கையெழுத்து இருந்தது. தேதி, மூன்று வாரத்துக்கு முன். பதவி உயர்வுப் பட்டியல் இன்னும் வெளியாகவில்லை. அதை நிறுத்திவைத்து வழக்கறிஞரை அழைக்கச் சொல்லி, முதலாளியின் அறைக்கு இருவருமாகப் போனோம்.