புழல் ஏரியின் நீர்ப்பரப்பை வீட்டு மடிக்கணினியில் அளக்கும் முறை

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, புழல் ஏரியின் நிலையை முந்தைய ஆண்டுடன் ஒப்பிட்டுக் காட்டிய செயற்கைக்கோள் படங்கள் உலகெங்கும் பரவின. அத்தகைய ஒப்பீட்டுக்குப் பெரிய ஆய்வுக்கூடமும் விலை உயர்ந்த மென்பொருளும் தேவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் படமும் இலவசம், மென்பொருளும் இலவசம்; 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியே இதற்குப் போதும். ஆனால் கணினிக்குத் தேவையற்ற வேலை கொடுக்காமல் இருக்கத் தெரிய வேண்டும்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி எவரும் பதிவிறக்கலாம். சிறிய நீர்நிலைகளுக்கு, 30 மீட்டர் பிக்சல் (ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர் அகலம்) கொண்ட அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோளைவிட இது பொருத்தமானது. 1970-களிலிருந்து ஒரு ஏரி எவ்வாறு சுருங்கியது என்று அறிய விரும்புவோருக்கு மட்டும் லேண்ட்சாட்டை விட்டால் வேறு வழியில்லை. லெவல்-2ஏ என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால், வளிமண்டலத்தால் ஏற்படும் மங்கல் ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகமற்ற படம் கிடைப்பது அரிது என்பதால், ஜனவரி முதல் மே வரையிலான நாள்களில் தேடுவது நல்லது.

படங்கள் பிரித்துத் தரப்படும் சதுரக் கட்டங்களில் ஒன்றின் முழுத் தொகுப்பு ஏறத்தாழ 1 ஜிபி வரை இருக்கும். முதன்முறை நான் அதிலிருந்த பட்டைகள் (ஒவ்வொரு வகை ஒளிக்கும் தனித்தனியான படங்கள்) அனைத்தையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒருசேரத் திறந்து, கணினி உறைந்து நிற்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்ப்பரப்பை அளக்க இரண்டே பட்டைகள் போதும்: பச்சை ஒளியைப் பதிவுசெய்யும் பி03, குறுஅலை அகச்சிவப்பைப் பதிவுசெய்யும் பி11. நீர் பச்சை ஒளியில் ஓரளவைத் திருப்பி அனுப்புகிறது, குறுஅலை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. மண்ணும் கட்டடமும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன. பி11 பட்டை 20 மீட்டர் பிக்சலில் மட்டுமே வருவதால், தொகுப்பிலுள்ள 20 மீட்டர் கோப்புறையிலிருந்தே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பி03-உம் அதே அளவில் இருப்பதால் அளவை மாற்றும் வேலை மிச்சமாகிறது.

அடுத்து, ஏரி நிரம்பியிருந்த நாளின் படத்தின் மேல் கரையை ஒட்டி ஒரு எல்லைக்கோடு வரைந்து சேமித்து, இரண்டு பட்டைகளையும் அந்த எல்லைக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். எல்லா நாள்களுக்கும் இதே எல்லையைப் பயன்படுத்தினால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். பின்னர் கியூஜிஐஎஸ்ஸில் பிக்சல் பிக்சலாகக் கணக்கிடும் கருவியான ராஸ்டர் கால்குலேட்டரில், பச்சையிலிருந்து குறுஅலை அகச்சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை சுழியத்துக்கு மேல் இருக்கும் பிக்சல்களைப் பொதுவாக நீர் என்று கொள்ளலாம்.

புதியவர்கள் தவறும் இடம் இதுதான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த செயலாக்க முறையில் ஒவ்வொரு பிக்சல் எண்ணுடனும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பழைய நாள்களின் படங்கள் பலவும் அம்முறையில் மறுபடி செயலாக்கப்பட்டுள்ளன. ஆகவே படம் எடுத்த தேதியை நம்பாமல், பதிவிறக்கிய தொகுப்பின் பெயரில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தை அடுத்துள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்; அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் இரு பட்டைகளிலும் 1000-ஐக் கழித்த பிறகே கணக்கிட வேண்டும். உதாரணமாக, ஒரு பிக்சலில் பச்சை 1500, குறுஅலை அகச்சிவப்பு 1200 என்று வைத்துக்கொள்வோம். கழிக்காவிட்டால் 300-ஐ 2700-ஆல் வகுத்து 0.11 கிடைக்கும், கழித்தால் 300-ஐ 700-ஆல் வகுத்து 0.43 கிடைக்கும். எல்லை மதிப்பு சுழியமாக இருக்கும்வரை இரண்டும் நீர்தான். ஆனால் கோடையில் ஏரியின் ஈரச் சேறு சுழியத்தை ஒட்டியே நிற்பதால், அதை விலக்க எல்லை மதிப்பை 0.2-க்கு உயர்த்த நேரிடும். அப்போது முதல் கணக்கில் அந்தப் பிக்சல் காணாமல் போய்விடும்.

நீர்ப் பிக்சல்களின் எண்ணிக்கைக்கு, தனித்த மதிப்புகளின் அறிக்கை தரும் கருவி கியூஜிஐஎஸ்ஸிலேயே இருக்கிறது. 20 மீட்டர் பிக்சல் ஒன்றின் பரப்பு 400 சதுர மீட்டர். 25 பிக்சல்கள் ஒரு ஹெக்டேர், சுமார் 10 பிக்சல்கள் ஒரு ஏக்கர். கரையின் சுற்றளவு 15 கி.மீ. என்றால் ஏறத்தாழ 750 பிக்சல்கள், அதாவது 30 ஹெக்டேர், பாதி நீரும் பாதி நிலமுமாக விழும். எனவே விடையைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களுடன் எழுதுவதில் பொருளில்லை.

மேகத்தின் நிழல் நீராகவும், நீரை மூடிய ஆகாயத்தாமரை நிலமாகவும் கணக்கில் நுழையும். நிழலைத் தொகுப்பிலுள்ள எஸ்சிஎல் (SCL) கோப்பைக் கொண்டு விலக்கலாம்; ஒவ்வொரு பிக்சலும் எந்த வகை என்பதை எண்ணால் குறிக்கும் கோப்பு அது. அதில் 3 என்பது மேக நிழல், 8-உம் 9-உம் மேகம். ஆகாயத்தாமரையை நேரில் போய்ப் பார்ப்பதே மேல்.

கிடைத்த பரப்பைச் சென்னைக் குடிநீர் வாரியம் அன்றாடம் வெளியிடும் ஏரி இருப்புடன் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். பரப்பு என்பது கொள்ளளவு ஆகாது; ஆழம் குறைந்த ஓரங்களில் சிறிது நீர் வற்றினாலும் பரப்பு வெகுவாகச் சுருங்கும். ஆனால் இருப்பு ஏறிய வாரத்தில் உங்கள் கணக்கில் பரப்பு இறங்கியிருந்தால், முதலில் எஸ்சிஎல் கோப்பையும், அடுத்து தொகுப்பின் பெயரிலுள்ள அந்த நான்கு இலக்கங்களையும் திரும்பப் பாருங்கள்.