யாவாரி வருவதற்கு முந்தின நாள் வேலை

எங்கள் பட்டியில் இப்போது தாயாடு 43. எல்லாம் வேம்பூர்ச் செம்மறி ஆடு. வெள்ளை உடம்பில் செம்பொட்டு சிதறிக் கிடக்கும். கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூர்தான் இதற்குப் பெயர் கொடுத்த ஊர். எங்கள் கரிசல்காட்டு வெயிலையும் காய்ந்த புல்லையும் தாங்குகிற ஆடு.

மாமனார் படுத்த வருஷம் பட்டிக் கணக்கு என் கைக்கு வந்தது. அந்த வருஷமே ஒரு யாவாரி வீட்டுக்கு வந்தார். "தாயி, கிடாக்குட்டிய எல்லாரும் வாங்குவான். எனக்கு அந்த அஞ்சு பெட்டையையும் குடு. கிடா விலைக்கு மேல தலைக்கு முந்நூறு சேத்துத் தாரேன்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். கொடுத்துவிட்டேன். சாயங்காலம் மாமியார் பட்டிக்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். "வெதக்கம்பக் குத்திக் கஞ்சி காய்ச்சிட்டியே" என்றார். அப்போது புரியவில்லை. மூன்றாம் வருஷம் புரிந்தது. யாவாரி வேண்டாமென்று கழித்த பெட்டைகள்தான் என் தாயாடுகளாக நின்றன. குட்டிகள் கைக்குள் அடங்குகிற அளவில் விழுந்தன.

ஆகவே, குட்டி விற்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால் சந்தையிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். யாவாரி வருவதற்கு முந்தின நாள் பட்டிக்குள் உட்கார்ந்து, எதை விற்கப்போவதில்லை என்று முதலில் பிரித்துவிட வேண்டும்.

எத்தனை வைப்பது? ஒரு தாயாடு ஆறு வருஷம் நிற்கும் என்று வைத்தால், 43-க்கு வருஷம் ஏழு கழியும். நடுவில் ஒன்றிரண்டு செத்துப் போகும், ஒன்றிரண்டு சினை பிடிக்காமல் நிற்கும். அதனால் பத்துப் பெட்டைக்குட்டி வைக்கிறேன். போன ஈற்றில் 38 குட்டி பிழைத்தது, அதில் பெட்டை 20. பத்து வீட்டுக்கு, பத்து சந்தைக்கு.

எந்தப் பத்து என்பதில்தான் கண் ஏமாற்றும். பெரிதாக நிற்பதெல்லாம் நல்லதென்று தோன்றும், ஆனால் அது மூன்று வாரம் முன்னால் பிறந்ததாக இருக்கும். என் நோட்டில் நாலு கட்டம்: தாயின் எண், பிறந்த தேதி, பிறந்த எடை, பால் மறக்கடித்த அன்றைய எடை. பழைய யூரியாச் சாக்கை நன்றாக அலசி, கால் நுழைய நாலு ஓட்டை போட்டு, குட்டியை அதில் இறக்கித் தொங்கு தராசில் மாட்டினால் துள்ளாமல் நிற்கும். 2.3 கிலோவில் பிறந்த குட்டி 90-ஆம் நாள் 11.2 கிலோ என்றால், கூடினது 8.9 கிலோ. நாளுக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இப்படி நாள் கணக்குப் போட்டால்தான் முன்னால் பிறந்ததையும் பின்னால் பிறந்ததையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியும். அதன்பிறகு வாயைத் திறந்து கீழ்ப்பல் மேல் ஈறோடு பொருந்துகிறதா, பின்னங்கால் முட்டி உள்ளே இடிக்கிறதா, காம்பு இரண்டும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகத் தாயைப் பார்ப்பேன். இரண்டு வருஷம் குட்டியை ஒதுக்கிய தாயின் மகள், எவ்வளவு எடை இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வைக்கிற குட்டிக்கு அடையாளம் போடுவதிலும் ஒரு கூத்து நடந்தது. மாமியாரின் சிவப்புச் சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டிவிட்டேன். யாவாரி வந்ததும் "அந்தச் செவப்புத் துணிக்கு என்ன வெல?" என்று அதிலேயே நின்றுவிட்டார். நான் தேர்ந்தெடுத்ததை அவருக்கு நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன்! இப்போது இடது காதின் உட்பக்கம் எண் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் தோடு மட்டும். யாவாரி வருகிற அன்றைக்கு அந்தப் பத்தையும் வேறு காட்டுக்கு ஓட்டிவிடுகிறேன்.

இனி விற்பனை. எங்களுக்குக் குட்டி விழுவது தை, மாசியில். அவை ஆடிக்கு ஐந்தாறு மாதக் குட்டி, தீபாவளிக்கு எட்டு ஒன்பது மாதம். புரட்டாசியில் பாதி ஊர் கறி தின்னாது, விலை படுத்துவிடும். கையில் காசில்லை என்பதற்காக அந்த மாதம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். சுமாரான கிடாக்குட்டிகளை ஆடி மாதக் கோயில் கொடைகளுக்கும், மற்றதைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னாலும் கொடுக்கிறேன். கொம்பு எடுப்பாக, ஊனமில்லாமல் இருக்கிற நாலைந்தை மட்டும் பக்ரீத்துக்கு நிறுத்துகிறேன். பக்ரீத் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7. அதனால் காலண்டரைப் பார்த்து மாதக் கணக்குப் போடுங்கள். காது கிழிந்தது, கொம்பு உடைந்தது, நொண்டுவது எதையும் குர்பானிக்கு, அதாவது பக்ரீத் பலிக்கு, வாங்குகிறவர் தொடமாட்டார். அதற்கு நிறுத்துகிற கிடாய்களை ஒன்றோடொன்று முட்டவிடாமல் தனித்தனியே கட்டிப் போட வேண்டும்.

விற்கிற பருவம் வந்துவிட்டதா என்பதைக் கையால் பாருங்கள். முதுகுத்தண்டில், கடைசி விலாவுக்குப் பின்னால், விரல்களைப் பதியுங்கள். எலும்பு முள் முள்ளாகக் குத்தினால் இன்னும் ஒரு மாதம் மேயட்டும். அழுத்தினால்தான் எலும்பு தட்டுப்படுகிறது என்றால் சரி. யாவாரி பட்டிக்குள் நுழைந்ததும் இதைத்தான் செய்கிறார். உயிர் எடை 20 கிலோ என்றால் கறி ஒன்பது, ஒன்பதரை தேறும் என்பது அவர் மனக்கணக்கு. உங்களுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருந்தால், அன்றைய கறி விலையை வைத்து அவர் சொல்கிற தொகை எவ்வளவு தாழ்வு என்று உடனே விளங்கும். பொறுக்கி எடுக்க ஒரு விலை, மொத்தமாக ஓட்டிக்கொண்டு போக ஒரு விலை என்று வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மொத்த விலை பேசிவிட்டுப் பிறகு "இது ரெண்டும் வேண்டாம் தாயி" என்று கழிப்பது பழைய வித்தை.

சந்தை என்றால் எங்களுக்கு எட்டயபுரம், சனிக்கிழமை. தூரம் பார்க்காதவர்கள் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் போகிறார்கள். ராத்திரி மூன்று மணிக்குக் குட்டியானை வண்டியில் ஏற்றுகிறோம். தளத்தில் மணல் பரப்பாவிட்டால் வழுக்கி விழுந்து கால் ஒடியும். சிலர் முந்தின ராத்திரி உப்பு கொடுத்துத் தண்ணீர் குடிக்கவைத்து வயிறு நிரப்புவார்கள். யாவாரிக்கு அது தெரியாதா என்ன, வயிற்றைத் தட்டிப் பார்த்தே இரண்டு கிலோ கழித்துவிடுவார். ஆண்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். பொம்பளை கையைப் பிடிக்க முடியாதே, அதனால் என்னிடம் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிறவர் காதிலும் விழும். அவர் கூடுதலாக ஒன்று சொல்வார். தரகருக்கு இது பிடிக்கவில்லை, எனக்கு நன்றாகவே பிடித்திருக்கிறது.

விலை படியாமல் திரும்பி வந்த குட்டியை நேரே பட்டிக்குள் விடக்கூடாது. சந்தையில் எந்த ஆட்டோடு மூக்கு உரசியதோ தெரியாது. மூன்று வாரம் தனியே நிற்கட்டும்.

தாயாட்டுக்கு வருவோம். குட்டிகள் பால் மறந்த பத்தாம் நாள் எல்லாத் தாயாட்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறேன். மடியை இரண்டு கையாலும் பிசைந்தால், உள்ளே கல் மாதிரி கட்டி தட்டுப்படும் சில. அந்தப் பக்கம் அடுத்த ஈற்றில் பால் இறங்காது. முன்பல் உடைந்தவை கரிசல்காட்டுக் கட்டைப் புல்லைக் கடிக்க முடியாமல் வற்றிவிடும். கருப்பை வெளியே தள்ளியவை, இரண்டு பருவம் தொடர்ந்து சினை பிடிக்காதவை எல்லாமே கழிக்க வேண்டியவை. இவற்றைக் கறிக்கு மட்டும் விற்க வேண்டும். "நல்ல தாயாடு" என்று சொல்லித் தெரியாதவர் தலையில் கட்டினால் அது நம் பெயரைத்தான் கெடுக்கும்.

கிடாய் இறக்குவது, அதாவது கிடாயைப் பெட்டைக் கூட்டத்தில் விடுவது, ஆவணி 15. சினைக்காலம் 147-லிருந்து 150 நாள், ஆகவே தை நடுவில் குட்டி விழ ஆரம்பிக்கும். மழையும் மார்கழிப் பனியும் பெரும்பாலும் தாண்டியிருக்கும், உளுந்தும் பாசியும் எடுத்த காடு மேய்ச்சலுக்குத் திறக்கும். ஆடியிலேயே கிடாய் சேர்ந்துவிட்டால் குட்டி மார்கழியில் விழுந்து குளிரில் விறைக்கும். அதனால் மற்ற நாளெல்லாம் கிடாயைக் கட்டிப்போட்டு வளர்க்கிறோம். மேய்ச்சலுக்குக் கூட்டிப் போனால் அடிவயிற்றில் சாக்குத் துணி கட்டிவிடுவோம்.

ஒரு கிடாய்க்கு 25-லிருந்து 30 பெட்டை. எனக்கு 43 என்பதால் இரண்டு கிடாய். ஒன்றாக விட்டால் மண்டையை உடைத்துக்கொள்ளும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி விடுகிறேன். காவிப்பொடியை விளக்கெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து, கிடாயின் நெஞ்சில், முன்னங்கால்கள் நடுவே, அப்பிவிடுங்கள். எந்தப் பெட்டை மேல் ஏறியதோ அதன் பின்முதுகில் காவி ஒட்டியிருக்கும். காலையில் பட்டியைத் திறக்கும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டைக்குக் கிடாய் தேடும் பருவம் 17 நாளுக்கு ஒருமுறை திரும்பும். ஆகவே 17 நாள் கழித்துக் காவியை நிறுத்திவிட்டு நீலம் குழைக்கிறேன். காவி ஒட்டிய முதுகிலேயே நீலமும் ஒட்டினால் முதல் தடவை நிற்கவில்லை என்று அர்த்தம். ஒன்றிரண்டு என்றால் கவலையில்லை. பத்துப் பதினைந்து முதுகில் நீலம் ஏறினால் கோளாறு கிடாயில், உடனே மாற்றுங்கள். 45 நாளில் கிடாயைப் பிரித்துவிடுவேன்.

அந்த வருஷம் வைத்துக்கொண்ட பெட்டைக்குட்டிகள் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடாது. வயது ஒன்று தாண்டி, எடை 20 கிலோவுக்கு வந்தபிறகுதான் கிடாய். குட்டியிலேயே சினையானால் தாயும் வளராது, குட்டியும் தேறாது.

ஆவணியில் எங்கள் காடு கருகிக் கிடக்கும். மெலிந்த பெட்டைக்குப் பருவமே வராது. கிடாய் இறக்க மூன்று வாரம் முன்னாலிருந்து ஆட்டுக்கு 200 கிராம் தீவனம் வைக்கிறேன்: மக்காச்சோளக் குருணை, தவிடு, கொஞ்சம் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. கோடையில் பொறுக்கி மூட்டை கட்டிய வேலிக்காத்தான் (சீமைக்கருவேல்) நெற்றையும் இடித்துக் கலப்பேன். நெற்று இனிப்பு, ஆடு அள்ளித் தின்னும். ஆனால் அதையே வயிற்றுக்குப் போட்டால் செரிக்காமல் கட்டிக்கொள்ளும். இதே தீவனம் ஈற்றுக்கு முந்தின 45 நாளும் வேண்டும். குட்டி வயிற்றுக்குள் பெரும்பகுதி வளர்வது அப்போதுதான்.

சினைக்காலம் மழைக்காலமாக இருப்பதால் ஒரு எச்சரிக்கை. இளஞ்சோளத்தில் ஆடு வாய் வைக்காமல் பாருங்கள், அதிலும் மழை தவறி வாடிய பயிரில். பூக்காத சோளத்தில் விஷம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பட்டியில் வேலி தாண்டிப் போன மூன்று சினையாடு வீடு வந்து சேரவில்லை. துள்ளுமாரி நோய்த் தடுப்பூசி மழைக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் ஊசி குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடற்புழு மருந்தை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல், கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். உள்ளே வெளுத்திருந்தால் ஊற்றுங்கள், சிவந்திருந்தால் விடுங்கள்.

ஈனுகிற ஆட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடலாம். குட்டி விழுந்ததும் தொப்புளில் அயோடின் டிங்ச்சர். தாயின் இரண்டு காம்பையும் ஒருமுறை பீய்ச்சுங்கள். நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், அது தெறித்துப் போனால்தான் குட்டிக்குச் சீம்பால் கிடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அது வயிற்றுக்குப் போக வேண்டும். சோர்ந்து கிடக்கிற குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பினால் பிழைத்துக்கொள்ளும். வாய்க்குள் சில்லென்று இருந்தால் அந்த நிலையில் பால் ஊற்றக்கூடாது, புரையேறிச் செத்துவிடும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, வெயிலிலோ குண்டு பல்புக்கு அடியிலோ வைத்துச் சூடேற்றி, விரலைச் சப்பத் தொடங்கியபிறகு பீய்ச்சிய சீம்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இந்தத் தையில் இப்படி இரண்டு குட்டி எழுந்தன. ஒன்று எழவில்லை.

கிடாயை இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாம் வருஷம் அதன் மகள்களே கூட்டத்தில் நிற்பார்கள். புதுக் கிடாயை வேறு ஊர்ப் பட்டியில், அதன் தாயைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். விதை இரண்டும் ஒரே அளவாக, கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஆடி பிறந்ததும் வாங்கிவிட்டால், மூன்று வாரம் தனியே நிறுத்தி, புது இடத்துத் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் பழக்கி, ஆவணி 15-க்குத் தயாராக்க நாள் இருக்கும்.