இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி: பணத்தில் எங்கெங்கே சறுக்குகிறோம்

பட்டம் முடித்தவர்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் படிப்பு பி.ஜி.சி.இ. அதன் பெயரிலேயே போஸ்ட் கிராஜுவேட் இருக்கிறதே என்று நம்பி, முதுகலைக்கான லோன் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு மூன்று வாரம் நிம்மதியாக இருந்தவன் நான். அப்புறம் "இந்தப் படிப்புக்கு இந்தக் கடன் பொருந்தாது" என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. பெயர் என்னவாக இருந்தாலும், மாணவர் கடன் தரும் அரசு அமைப்பான ஸ்டூடண்ட் ஃபைனான்ஸின் பார்வையில் ஆசிரியப் பயிற்சி இளங்கலைக் கணக்கில்தான் வருகிறது. கட்டணத்துக்கு ஒரு லோன், வாழ்க்கைச் செலவுக்கு ஒரு லோன், இரண்டும் இளங்கலை மாணவர்களுக்கான விண்ணப்பம் வழியாக. பொதுவாக இரண்டாவது டிகிரிக்கு லோன் தரமாட்டார்கள், ஆனால் ஆசிரியப் பயிற்சி அதற்கு விதிவிலக்கு. ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு வாங்கியிருந்தாலும் கேட்கலாம். இது தெரியாமல் 2025/26இன் கட்டணமான 9,535 பவுண்டை சேமிப்பிலிருந்தும் கிரெடிட் கார்டிலிருந்தும் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

(இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் விதிகள் வேறு.)

நம்மவர்களில் பலருக்குக் கடன் என்ற சொல்லே பிடிக்காது, அது புரிகிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளான் 5 எனப்படும் புதிய வகையில், வருடச் சம்பளத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் இருக்கும் தொகையில் 9% பிடிப்பார்கள். 2025 செப்டம்பரில் லண்டனுக்கு வெளியே புது ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 32,916. அதிலிருந்து 25,000 போக மீதி 7,916, அதில் 9% என்றால் மாதத்துக்கு 59 பவுண்ட் சுமார். 40 வருடம் கழித்தும் பாக்கி இருந்தால் தள்ளுபடி. முதல் டிகிரிக்கு வாங்கிய, பிளான் 2 எனும் முந்தைய வகைக் கடன் ஏற்கெனவே இருக்கிறதா, அதற்கும் இதற்கும் சேர்த்து ஒரே 9%தான், இரண்டு முறை பிடிக்கமாட்டார்கள். வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான், அது உறுத்தினால் உறுத்தட்டும். ஆனால் அதற்குப் பதிலாக கிரெடிட் கார்டு என்பது அதைவிட மோசமான யோசனை.

அடுத்து பர்சரி, அதாவது பயிற்சிக் காலத்துக்கு அரசு தரும், திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. "என் மச்சினிக்கு இவ்வளவு கிடைத்தது, எனக்கும் கிடைக்கும்" என்ற நம்பிக்கையில் வேலையை விட்டுவிடாதீர்கள். தொகை ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. ஆங்கிலப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 2023/24இல் 15,000, அடுத்த வருடம் 10,000, அதற்கடுத்து 2025/26இல் 5,000. அதே 2025/26இல் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி நான்குக்கும் 29,000, உயிரியலுக்கும் புவியியலுக்கும் 26,000. ஆரம்பப் பள்ளி ஆசிரியராக விரும்பினால் பூஜ்ஜியம். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடம் முக்கியமில்லை, வகுப்பு தொடங்கும் கல்வியாண்டுதான் கணக்கு. பட்டத்தில் குறைந்தது டூ-டூ (இரண்டாம் வகுப்பின் கீழ்ப் பிரிவு) வேண்டும், அல்லது முதுகலையோ முனைவர் பட்டமோ இருக்க வேண்டும்.

பர்சரிக்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது, தகுதி இருந்தால் பயிற்சி நிறுவனமே கொடுத்துவிடும். ஸ்காலர்ஷிப் அப்படியில்லை. அதற்கு நீங்களாகப் போய்க் கேட்க வேண்டும், இயற்பியலுக்கு இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஃபிசிக்ஸ், வேதியியலுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்று பாடத்துக்கு ஓர் அமைப்பு, அதுவும் படிப்பு தொடங்குவதற்கு முன்னால். 2025/26இல் இந்தப் பாடங்களுக்கு 31,000, அதாவது பர்சரியைவிட 2,000 கூடுதல். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பர்சரி தானாக வருகிறதே, இதுவும் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.

இப்போது யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம். 29,000 என்றவுடன் மனசு அதைப் பன்னிரண்டால் வகுக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜூலை வரை பத்து மாதத் தவணையாக வரும், மாதம் 2,900. வகுப்பு செப்டம்பர் முதல் வாரமே தொடங்கிவிடும், பணம் அக்டோபரில்தான் வரும். மறுமுனையில் ஜூலையோடு நின்றுவிடும், செப்டம்பரில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் சம்பளம் அந்த மாதக் கடைசியில். நடுவில் ஆகஸ்ட் முழுக்க ஒன்றுமில்லை. வாடகைக்கு அது தெரியுமா? எனக்கு முதல் அடி செப்டம்பரிலேயே விழுந்தது. பயிற்சிக்குப் போட்ட பள்ளி நகரத்தின் அந்தப் பக்கம், இரண்டு பஸ், காலை 5.50க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், மாதாந்திர பாஸ் எடுக்கக் கையில் காசில்லாமல் தினமும் தனித்தனியாக டிக்கெட் எடுத்து இன்னும் அதிகமாகச் செலவழித்தேன். பயிற்சிப் பள்ளியைப் பொதுவாக நாம் தேர்ந்தெடுக்க முடியாது, வருடத்தில் குறைந்தது இரண்டு பள்ளிகள். ஆகவே இன்டர்வியூவிலேயே எவ்வளவு தூரம் அனுப்புவீர்கள், பயணச் செலவுக்கு ஏதாவது தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. பாதியில் நின்றுவிட்டால் பர்சரியும் நின்றுவிடும், அதிகமாக வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

சம்பளத்தோடு பயிற்சி என்று ஒரு வழி இருக்கிறது, அப்ரென்டிஸ்ஷிப்பும் அதில் ஒரு வகை. கட்டணம் கிடையாது, பள்ளி சம்பளம் தரும். ஆனால் பர்சரியும் லோனும் கிடையாது. "சம்பளமும் வரும், பர்சரியும் வரும்" என்று இரட்டை லாபக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கணிதம் படிப்பவருக்கு வரியில்லாத 29,000 கையில் வருவது, வரி பிடித்த பயிற்சிச் சம்பளத்தைவிட நல்ல பேரமாக இருக்கலாம். பர்சரியே இல்லாத ஆரம்பப் பள்ளிக்கோ வரலாற்றுக்கோ போகிறவர் சம்பள வழியைத்தான் முதலில் தேட வேண்டும் என்பது என் கருத்து, இடம் கிடைப்பது கடினம் என்றாலும்.

விசா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நம் ஆட்களுக்கு அதிக நஷ்டம் இங்கேதான். "மூணு வருஷம் இங்க இருந்தாச்சு, ஹோம் ஸ்டூடண்ட்தான்", அதாவது உள்நாட்டு மாணவருக்கான கட்டணமும் லோனும் எனக்கும் உண்டு, என்பது பாதி உண்மை. துணைவர் விசாவில் மூன்று வருடம் இருந்தது மட்டும் போதாது, பொதுவாக நிரந்தர வசிப்புரிமையும் சேர்ந்து இருக்க வேண்டும், அதுவும் கல்வியாண்டு தொடங்கும் நாளிலேயே. செப்டம்பரில் தொடங்கும் படிப்பென்றால் அந்த நாள் செப்டம்பர் 1. எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு ஏப்ரலிலேயே ஆஃபர் வந்துவிட்டது, குடும்பத்துக்கு நிரந்தர உரிமை வரவேண்டியது நவம்பரில். இரண்டு மாதம்தானே, சமாளித்துவிடலாம் என்று அவளும் கணவரும் நினைத்தார்கள். அந்த இரண்டு மாதத்தால் லோனும் கிடையாது, கட்டணமும் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம். கடைசியில் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டாள், ஒப்புக்கொண்டார்கள். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு அந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. அதே போல, 2025/26இல் இயற்பியலுக்கும் மொழிப் பாடங்களுக்கும் பிற நாட்டுக் குடிமக்களும் பர்சரி பெறலாம் என்று வைத்திருந்தார்கள், அந்தப் பாடக்காரர்கள் தங்கள் வருடத்துக்கான விதியைக் கட்டாயம் பார்க்கவும்.

இன்னொன்று, ஊரில் பி.எட். முடித்து பள்ளியில் வேலையும் பார்த்தவர்கள் இங்கே வந்து மறுபடி பி.ஜி.சி.இ.க்குப் பணம் கட்டுவது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியா உட்பட இன்னும் பல நாடுகளில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் க்யூ.டி.எஸ். எனும் ஆசிரியத் தகுதிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இந்தியத் தகுதி என்றால் 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழி இவற்றில் ஒன்றைக் கற்பிக்கும் தகுதியாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பள்ளியாண்டு அனுபவமும் வேண்டும். இது பொருந்துகிறவர் அந்தக் கட்டணத்தையும் ஒரு வருடத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? நேர்மாறாக, சில பி.ஜி.சி.இ. படிப்புகளில், முக்கியமாக ஆன்லைனில் நடப்பவற்றில், க்யூ.டி.எஸ். சேர்ந்தே வராது. பணம் கட்டும் முன், படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் க்யூ.டி.எஸ். என்ற அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தை இருப்பவர்கள் முழுநேரமாகப் படித்தால் சைல்டுகேர் கிராண்ட் கேட்கலாம், வருமானத்தைப் பொறுத்து காப்பகச் செலவில் 85% வரை, திருப்பித் தர வேண்டாம். ஆனால் உங்கள் துணைவர் டாக்ஸ்-ஃப்ரீ சைல்டுகேர் எனும் அரசின் காப்பகச் செலவு உதவியோ, யூனிவர்சல் கிரெடிட் எனும் குறைந்த வருமானத்தினருக்கான அரசு உதவியில் குழந்தைப் பராமரிப்புப் பங்கோ வாங்கிக்கொண்டிருந்தால் இது கிடைக்காது, ஆகவே இருவரும் உட்கார்ந்து எது லாபம் என்று முதலில் கணக்குப் பாருங்கள். பெற்றோருக்கான கற்றல் உதவித்தொகை, உடல்நலக் குறையோ கற்றல் சிரமமோ இருப்பவர்களுக்கான உதவித்தொகை இரண்டும் தனி.

உள்ளாட்சிக்கு வீட்டுக்காகக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸ் கடைசி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் கட்டவே வேண்டாம், மாணவரைத் தவிர ஒரே ஒரு பெரியவர் இருந்தால் 25% குறையும். தானாகக் குறைக்கமாட்டார்கள், கல்லூரியிடமிருந்து மாணவர் சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு நாம்தான் அனுப்ப வேண்டும். நான் அனுப்பியது பிப்ரவரியில்.