அரசுத் துறைகளுக்கு ஆலோசனைப் பணி: சிறு நிறுவனம் தொடங்கி வளர்ப்பது எப்படி?

பேரூராட்சி, நகராட்சி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, மாநில அரசின் வாரியங்கள் ஆகியவற்றுக்குத் திட்ட அறிக்கை தயாரித்தல், கள ஆய்வு, கணக்குச் சீரமைப்பு, தரக் கண்காணிப்பு போன்ற பணிகளைச் செய்யும் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு ஆலோசனை நிறுவனங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளோடு எனக்கு உள்ள பழக்கத்திலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன். இத்தொழிலில் வேலை கிடைக்காமல் மூடிய நிறுவனங்களைவிட, கிடைத்த வேலைக்குப் பணம் வருவதற்குள் மூச்சு முட்டி மூடியவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழுள்ள ஒவ்வொரு படியிலும் பணம் எப்போது கைக்கு வரும் என்ற கேள்வியை விடாமல் வைத்திருக்கிறேன்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லா வகை ஆலோசனைகளும் வழங்கப்படும்" என்று விவரக் கையேட்டில் அச்சிடுவது தனியார் வாடிக்கையாளரிடம் ஓரளவு எடுபடலாம். அரசு ஒப்பந்தப்புள்ளியில் அதற்கு மதிப்பெண் இல்லை. அங்கே கேட்கப்படுவது "இதே தன்மையுள்ள பணியை" முன்பு செய்த சான்று. குடிநீர்த் திட்ட அறிக்கை இரண்டு, சாலை ஆய்வு ஒன்று, பயிற்சி முகாம் ஒன்று என்று சிதறிய நான்கு சான்றுகளைவிட, திடக்கழிவு மேலாண்மைக்கான விரிவான திட்ட அறிக்கை என்ற ஒரே பணிக்குக் கிடைத்த மூன்று சான்றுகள் அடுத்த வேலைக்கு அதிகம் உதவும். முதல் மூன்று ஆண்டுகளுக்காவது ஒரே தடத்தில் இருங்கள்.

படி 2: பதிவுகளை முன்கூட்டியே முடியுங்கள்

நிரந்தரக் கணக்கு எண், ஜி.எஸ்.டி. பதிவு, நடப்புக் கணக்கு ஆகியவற்றோடு, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இடைத்தரகர்களிடம் போகாதீர்கள். மத்திய அரசுத் துறைகளும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு. பணி ஆணை கைக்கு வந்த பிறகு பதிந்தால், தாமதப் பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்கும்போது தகராறு வரக்கூடும். எனவே இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

அடுத்தது, இணையத்தில் ஒப்பந்தப்புள்ளி போடத் தேவையான மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பச் சான்று. கையொப்பத்துக்கும் குறியாக்கத்துக்கும் சேர்த்து வாங்கி, மாநில அரசின் மின்கொள்முதல் தளம், மத்திய அரசின் தளம், அரசு அலுவலகங்கள் பொருளும் சேவையும் வாங்குவதற்காக 2016-இல் தொடங்கிய ஜெம் தளம் ஆகிய மூன்றிலும் பதிவு செய்யுங்கள். சான்றின் காலாவதித் தேதியைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

படி 3: அனுபவச் சான்று இல்லாத முதல் ஆண்டைக் கடக்கும் வழி

அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்ற சிக்கலில் இருந்து வெளியேற எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விலைப்புள்ளி கோரி முடிக்கப்படும் சிறு தொகைப் பணிகள். தொகை சிறிதுதான், ஆனால் பணி ஆணையும் பணி முடித்த சான்றும் முழு அளவில் கிடைக்கும். மற்றொன்று, பெரிய நிறுவனத்தின் கீழ் துணை ஆலோசகராகச் சேர்வது. இதில் ஒரு பொறி இருக்கிறது: பெரும்பாலான ஒப்பந்தப்புள்ளிகள் அரசு அலுவலகமே வழங்கிய சான்றைத்தான் ஏற்கும், பெரிய நிறுவனம் தரும் பாராட்டுக் கடிதம் செல்லாது. ஆகவே ஆவணம் அனுமதித்தால் துணை ஆலோசகராக இல்லாமல் கூட்டுப் பங்காளராக, பத்து சதவீதப் பங்குக்கேனும், உங்கள் பெயரும் ஒப்பந்தத்தில் வரும்படி கேளுங்கள். கட்டணத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது இதைப் பெறுவது நல்லது.

படி 4: ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைக் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள்

புதியவர்கள் பணி விவரத்தை முதலில் படித்து மகிழ்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் தேடுவது பணம் வழங்கும் அட்டவணையை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கட்டணம் 12 லட்சம் ரூபாய், காலம் 6 மாதம். தொடக்க அறிக்கைக்கு 10 சதவீதம், வரைவு அறிக்கைக்கு 30, இறுதி அறிக்கைக்கு 40, மன்ற ஒப்புதலுக்குப் பிறகு 20 என்று வைத்துக்கொள்வோம். சம்பளம், வண்டி வாடகை, அச்சு எல்லாம் சேர்த்து உங்களுக்கு மாதம் 1.3 லட்சம் செலவு. ஆறு மாதத்தில் 7.8 லட்சம் போக, காகிதத்தில் 4.2 லட்சம் லாபம். ஆனால் நான்காம் மாதம் கொடுத்த வரைவு அறிக்கைக்கான பில் ஏழாம் மாதம்தான் பட்டுவாடா ஆகும் என்றால், ஆறாம் மாத முடிவில் நீங்கள் பெற்றிருப்பது 1.2 லட்சம், கையிலிருந்து போட்டிருப்பது 6.6 லட்சம். இரண்டு ஆணைகள் ஒரே சமயத்தில் வந்தால் அது 13 லட்சத்தைத் தாண்டும். இந்தத் தொகை உங்களிடமோ வங்கி ஓவர்டிராஃப்டிலோ இல்லையென்றால் அந்த ஒப்பந்தப்புள்ளியை விட்டுவிடுங்கள்.

அட்டவணையில் "ஒப்புதலுக்குப் பிறகு" என்ற சொல் வரும் இடமெல்லாம் அபாயம் உண்டு. மன்றக் கூட்டம் தள்ளிப்போனாலும் தேர்தல் நடத்தை விதி வந்தாலும் அந்த 20 சதவீதம் அப்படியே நிற்கும். "அறிக்கை சமர்ப்பித்து 30 நாளுக்குள் கருத்து வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாமா?" என்று ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தாகக் கேளுங்கள். ஏற்கப்பட்டால் அது திருத்தமாக எல்லோருக்கும் வெளியாகும். போட்டியாளருக்கும் பயன்படுமே என்று தயங்க வேண்டாம்.

அதே கூட்டத்தில் ஜி.எஸ்.டி. பற்றியும் கேளுங்கள். ஊராட்சி, நகராட்சிகளின் பணிகளைக் கூறும் அரசியல் சாசனத்தின் 243ஜி, 243டபிள்யூ பிரிவுகளில் வரும் பணிகள் தொடர்பாக மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றுக்கு நேரடியாக வழங்கும், பொருள் கலவாத சேவைக்கு வரிவிலக்கு இருக்கிறது. வாரியங்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்று எண்ணி விலை போடாதீர்கள். அங்கே 18 சதவீதம் உங்கள் தலையில் விழும்.

படி 5: விலையைக் கணக்குப் போட்டு எழுதுங்கள்

தேர்வு முறை எது என்று பாருங்கள். குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண் பெற்றவர்களுள் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்றால், தரத்தைக் காட்டி விலையை ஏற்ற முடியாது. தரமும் விலையும் சேர்ந்த மதிப்பீடான க்யூ.சி.பி.எஸ். முறையில் கணக்கு வேறு. மிகக் குறைந்த விலையை உங்கள் விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது உங்கள் விலை மதிப்பெண். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்து ஒரு முறை போட்டுப் பார்ப்போம்.

உங்கள் தொழில்நுட்ப மதிப்பெண் 85, விலை 20 லட்சம். எதிராளிக்கு 72, விலை 15 லட்சம். உங்களுக்குத் தரத்தில் 59.5, விலையில் 22.5, மொத்தம் 82. அவருக்கு 50.4, 30, மொத்தம் 80.4. ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்டும் வேலை உங்களுக்குத்தான். ஆனால் நீங்கள் 22 லட்சம் எழுதியிருந்தால் விலையில் 20.45 மட்டுமே வந்து, மொத்தம் 79.95 ஆகித் தோற்றிருப்பீர்கள். சில ஆவணங்களில் தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் உச்ச மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மாற்றுவார்கள். சூத்திரத்தை ஆவணத்தில் உள்ளபடியே எடுங்கள். மூன்று நான்கு விலைகளை எக்செல்லில் போட்டுப் பார்க்காமல் விலைப் பட்டியலில் கை வைக்காதீர்கள்.

படி 6: கடைசி நாளுக்கு முந்தின நாளே பதிவேற்றுங்கள்

ஒரு நகராட்சியின் ஒப்பந்தப்புள்ளிக்குப் பிற்பகல் 3 மணி கெடு. 2.20-க்கு விலைப் பட்டியல் கோப்பை ஏற்ற முயன்றால் தளம் திரும்பத் திரும்ப மறுத்தது. இணையத்தைக் குறை சொன்னோம், உலவியை மாற்றினோம், கையொப்பச் சாவியைக் கழற்றி மாட்டினோம். அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது: எங்கள் அலுவலகத் தம்பி, அடையாளத்துக்காகக் கோப்பின் பெயரோடு எங்கள் நிறுவனப் பெயரையும் சேர்த்திருந்தார். தளத்திலிருந்து இறக்கிய பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது ஏற்காது. புதிதாக இறக்கி, எண்களை மறுபடி தட்டி, 2.56-க்கு ஏற்றினோம். அந்த முறை வேலையும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

படி 7: வாய்ச்சொல்லை அன்றே கடிதமாக்குங்கள்

அலுவலர்கள் மாற்றலாகிப் போவார்கள். "பக்கத்து வார்டையும் சேர்த்து ஆய்வு செய்துவிடுங்கள் சார், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று பொறியாளர் சொன்னது அவர் போன பிறகு எந்தக் கோப்பிலும் இருக்காது. அன்று மாலையே "இன்று நேரில் தெரிவித்தபடி" என்று தொடங்கும் கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சல் போதாது, கோப்பில் ஏறுவது தாள்தான். அறிக்கையோடு மன்றக் கூட்டப் பொருளுக்குப் பொருந்தும்படி தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமும் இணைத்தால், அதை எழுதும் எழுத்தரின் வேலை மிச்சமாகும், உங்கள் கோப்பும் விரைவாக நகரும்.

படி 8: பில்

பில்லோடு பணி ஆணை நகல், ஒப்பந்த நகல், அறிக்கையைப் பெற்றுக்கொண்ட முத்திரைக் கடிதம், மன்றத் தீர்மான எண், வங்கி விவரம் ஆகியவற்றை ஒரே கட்டாகக் கொடுங்கள். ஒரு தாள் குறைந்தால் கோப்பு மேலிருந்து கீழே இறங்கி மறுபடி ஏறும். மார்ச் மாதத்தை நம்பாதீர்கள். பிப்ரவரி நடுவுக்குள் பில் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்க நேரலாம். வருமான வரியாக 10 சதவீதம் பிடித்துக்கொண்டே பணம் வரும் என்பதையும் பணவோட்டக் கணக்கில் சேருங்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் எவ்வளவு காலம் ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசின் இணையத் தளத்தில் முறையிடலாம். அடுத்த வேலையும் அதே அலுவலகத்தில் வேண்டும் என்றால் நான் முதலில் அந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டி மரியாதையான நினைவூட்டுக் கடிதம் மட்டுமே அனுப்புவேன். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

படி 9: ஆள் சேர்ப்பது எப்போது?

ஆணை வந்த மகிழ்ச்சியில் ஆள் எடுக்காதீர்கள். நிலுவையில் உள்ள பில்கள் ஒன்றுகூட வராவிட்டாலும் ஆறு மாதச் சம்பளம் கொடுக்கும் இருப்பு வங்கியில் இருக்கும்போதுதான் நான் நான்காவது ஆளை எடுத்தேன். அதுவரை நில அளவை, வரைபடம் போன்றவற்றை வேலைக்கு வேலை கூலி பேசிக் கொடுத்தேன். மொத்தக் கட்டணத்தில் பாதிக்கு மேல் ஒரே அலுவலகத்திலிருந்து வருகிறது என்றால், அங்கே அடுத்த ஒப்பந்தப்புள்ளியைத் தவிர்த்து, அதே வகைப் பணிக்குப் பக்கத்து மாவட்டத்தில் போடுங்கள். ஒவ்வொரு பணி முடிந்த வாரத்திலேயே பணி முடித்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். தொகை, காலம், "திருப்திகரமாக முடிக்கப்பட்டது" என்ற சொற்றொடர் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று அலுவலக வாசலிலேயே நின்று படித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.